தேசிய இளைஞர் அமைப்பின் முடிவுகளில் உள்ளூர்த் தன்னார்வலருக்கு உண்மையான குரல் கிடைக்க என்ன வழி?

குழுப் பொறுப்பாளர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாடு முழுவதும் கிளைகள் கொண்ட ஓர் இளைஞர் அமைப்பில், உள்ளூர்க் குழு ஒன்றின் பொறுப்பாளராகப் பல ஆண்டுகளாகத் தொண்டு செய்து வருகிறேன். அமைப்பின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. என் கேள்வி அந்த ஓர் அமைப்பைப் பற்றியது மட்டுமல்ல என்று நினைக்கிறேன். வாரந்தோறும் பிள்ளைகளைக் கூட்டிப் பயிற்சி தருவது, முகாமுக்கு இடம் பார்ப்பது, பெற்றோரிடம் சம்மதக் கடிதம் வாங்குவது, கணக்கு எழுதுவது என்று, அமைப்பின் பணியாக வெளியுலகம் எதைப் பார்க்கிறதோ அதை முழுவதுமாகச் செய்பவர்கள் ஊதியம் பெறாத எங்களைப் போன்றவர்களே.

சென்ற ஆண்டு தேசிய நிர்வாகக் குழு இரண்டு முடிவுகளை எடுத்தது. ஆண்டுச் சந்தாவை உயர்த்தியது. மூத்த பிள்ளைகள் இளையவர்களுக்குப் பயிற்சி தரும் ஒரு திட்டத்தை நிறுத்தியது. நடைமுறைக்கு வரும் தேதியையும் குறிப்பிட்டு வந்த ஒரு மின்னஞ்சலைப் பார்த்துத்தான் இரண்டையும் தெரிந்துகொண்டோம். அதற்குப் பிறகு, எங்கள் கருத்தைக் கேட்பதாகச் சொல்லி ஒரு படிவம் அனுப்பினார்கள். அதன் முதல் கேள்வி, "புதிய முறைக்கு மாறுவதற்கு உங்கள் குழுவுக்கு எவ்வகை உதவி தேவைப்படும்?" என்பது. விடைகளாகத் தரப்பட்டிருந்தவை: காணொளிப் பயிற்சி, அச்சிட்ட கையேடு, தொலைபேசி உதவி, உதவி தேவையில்லை. இந்த மாற்றமே எங்களுக்கு ஏற்புடையதல்ல என்று சொல்வதற்கு அந்தப் படிவத்தில் இடமே இல்லை. கடைசியில் இருந்த "பிற கருத்துகள்" என்ற சிறு கட்டத்தில் என் எதிர்ப்பை எழுதி அனுப்பினேன்; எனக்குத் தெரிந்த வேறு சில பொறுப்பாளர்களும் அப்படியே செய்தார்கள். பின்னர் வெளியான சுருக்க அறிக்கையில், பெரும்பாலோர் காணொளிப் பயிற்சியை விரும்புகிறார்கள் என்ற செய்தி மட்டுமே இருந்தது.

இவ்வளவு பெரிய அமைப்புகளில் இதுதான் இயல்பா? தன்னார்வலருக்கு முடிவெடுக்கும் உரிமை உண்மையிலேயே இருக்கின்ற அமைப்புகள் எங்காவது உள்ளனவா? பதவி விலகுவது, அல்லது வாய்மூடி வேலையைத் தொடர்வது என்ற இரண்டைத் தவிர வேறு வழி இருந்தால், அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன். "பிள்ளைகளுக்காகத்தானே வந்தோம், நமக்கெதற்கு இந்த அரசியல்" என்று சக தன்னார்வலர்கள் கேட்கும்போது என்ன பதில் சொல்வது என்பதும் எனக்கு விளங்கவில்லை.

விதிப்புத்தகம் எழுதியது:

முதலில் ஒன்றைக் கேட்கிறேன்: அமைப்பின் சாசனத்தையும் துணைவிதிகளையும் முழுமையாகப் படித்துவிட்டீர்களா? கையேடும் இணையதளமும் சொல்வதை நான் கேட்கவில்லை. பதிவு செய்யப்பட்ட மூல ஆவணங்களைக் கேட்கிறேன். சந்தாவை உயர்த்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதை நல்லெண்ணமோ மரபோ தீர்மானிப்பதில்லை, அந்த ஆவணத்தில் உள்ள ஒரு வாக்கியம்தான் தீர்மானிக்கிறது. பல அமைப்புகளில் அந்த வாக்கியத்தைப் படித்தவர்கள் தலைமையகத்திலும் அவ்வளவாக இருக்கமாட்டார்கள்.

உங்கள் நிலைமைக்கு மிக அருகில் வரும் ஒரு வழக்கை விரிவாகவே சொல்கிறேன். அமெரிக்காவின் கேர்ள் ஸ்கவுட்ஸ் என்ற சிறுமியர் சாரணர் அமைப்பு 1912இல் தொடங்கப்பட்டு, 1950இல் அந்நாட்டு நாடாளுமன்றத்தின் சாசனம் பெற்றது. அதன் அமைப்பு விதிப்படி உயர்ந்த அதிகாரம் படைத்தது தேசியப் பேரவை. உள்ளூர் கவுன்சில்கள், அதாவது ஒவ்வொரு பகுதியின் குழுக்களையும் நிர்வகிக்கும் அமைப்புகள், தேர்ந்தெடுத்து அனுப்பும் பிரதிநிதிகளே அதில் பெரும்பான்மை. மூன்றாண்டுக்கு ஒரு முறை அது கூடும். இடைப்பட்ட காலத்தில் நிர்வாகத்தை நடத்துவது தேசிய வாரியம். இந்த வாரியம், ஆண்டுச் சந்தாவை 15 டாலரிலிருந்து 25 டாலராகத் தானே உயர்த்தியது. அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட, உறுப்பினர் எண்ணிக்கையில் சிறியதான ஃபார்தெஸ்ட் நார்த் கவுன்சில், சந்தாவை நிர்ணயிக்கும் அதிகாரம் வாரியத்துக்கு இல்லை, பேரவைக்கே உண்டு என்று நீதிமன்றம் சென்றது. கீழ் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஆனால் 2019இல் அலாஸ்கா உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றி, அமைப்பின் ஆவணங்கள் அந்த அதிகாரத்தைத் தேசியப் பேரவைக்கு மட்டுமே தந்திருக்கின்றன என்று சொல்லிவிட்டது.

இதில் நான் மதிப்பது, ஒரு சிறிய கவுன்சில் பெரிய அமைப்பை வென்றது என்பதை அல்ல. அதன் பிறகு நடந்ததைத்தான். 2024 அக்டோபரில் மீண்டும் சந்தா உயர்வு தேவைப்பட்டபோது, பேரவையின் சிறப்புக் கூட்டத்தைக் கூட்டிப் பிரதிநிதிகளின் வாக்கைக் கேட்டார்கள். 25 டாலராக இருந்த சிறுமியர் சந்தா 2026 உறுப்பினர் ஆண்டில் 45 டாலராகவும் அதற்கடுத்த ஆண்டில் 65 டாலராகவும் உயரும் என்று அங்கே முடிவாயிற்று. உயர்வு பெரியதுதான், பல குடும்பங்களுக்குச் சுமையாகவும் இருக்கும். ஆனால் அதை எதிர்த்தவர்களுக்கு எழுந்து பேச ஒரு மேடையும், எதிர்த்து வாக்களிக்க ஓர் உரிமையும் இருந்தன. உங்கள் குழுவுக்கு வந்த படிவத்தில் இல்லாதவை இந்த இரண்டும்தான்.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். அமெரிக்க பாய் ஸ்கவுட்ஸ் (2025 முதல் ஸ்கவுட்டிங் அமெரிக்கா) என்ற சிறுவர் சாரணர் அமைப்புக்கு 1916இல் கிடைத்த சாசனம், அமைப்பை ஆளும் குழு அதன் செயற்குழுவே என்று வெளிப்படையாகச் சொல்கிறது. அங்கும் தேசியப் பேரவை உண்டு, உள்ளூர் கவுன்சில்களின் பிரதிநிதிகளும் உண்டு. எனினும் அதிகாரத்தின் சாய்வு வேறு. இரண்டும் ஒரே நாட்டில், ஏறக்குறைய ஒரே காலத்தில், ஒரே இயக்கத்திலிருந்து பிறந்த அமைப்புகள். ஆகவே "பெரிய அமைப்பு என்றால் இப்படித்தான்" என்ற முடிவுக்கு அவசரப்பட்டு வந்துவிடாதீர்கள். எழுதப்பட்ட விதியைப் பொறுத்தே நிலைமை மாறுகிறது, விதியை எழுதுபவர்களும் மனிதர்கள்தான்.

முன்னாள் பிரதிநிதி எழுதியது:

மேலே எழுதியவரின் விளக்கத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் விதியில் உரிமை இருப்பதும் அது கைக்கு வருவதும் ஒன்றல்ல. எங்கள் அமைப்பின் தேசியக் கூட்டத்தில் பிரதிநிதியாக உட்கார்ந்தவன் என்ற முறையில், அந்த இடைவெளி எங்கே விழுகிறது என்பதைச் சொல்ல முடியும். அது தலைநகரத்தில் விழுவதில்லை. உங்கள் மாவட்டக் கவுன்சிலின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் விழுகிறது.

அந்தக் கூட்டம் எப்படி நடக்கும் என்று எண்ணிப்பாருங்கள். விருதுகள், பாராட்டுரை, ஆண்டறிக்கை, கணக்கு எல்லாம் முடிந்து, பெற்றோர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு புறப்படத் தொடங்கும் நேரத்தில், வேட்பாளர் பரிந்துரைக் குழுவின் தலைவர் எழுந்து ஒரு பட்டியலைப் படிப்பார். எத்தனை இடமோ அத்தனை பெயர். ஒன்று கூடவோ குறையவோ இருக்காது. முன்மொழிகிறேன், வழிமொழிகிறேன் என்று இரு குரல்கள் கேட்கும், கைகள் உயரும், ஏகமனதாக நிறைவேறியதாக நடவடிக்கைக் குறிப்பில் எழுதப்படும். தேசியக் கூட்டத்துக்குப் போகும் பிரதிநிதிகளின் பெயர்கள் பெரும்பாலும் அந்தப் பட்டியலின் கடைசிப் பத்தியில்தான் இருக்கும். அந்த ஒரு நிமிடத்தில் உங்கள் வாக்கு போய்விடுகிறது. பரிந்துரைக் குழுவில் யார் இருக்கிறார்கள், அவர்களை யார் அமர்த்தினார்கள், கூட்டத்திலிருந்தே வேறொரு பெயரை முன்மொழிய விதி அனுமதிக்கிறதா, அதற்கு எத்தனை நாள் முன்னதாக எழுதித் தரவேண்டும் என்பவற்றை இப்போதே விசாரித்து வையுங்கள். நிர்வாகக் குழுவே பரிந்துரைக் குழுவை நியமித்து, அந்தப் பரிந்துரைக் குழு அடுத்த நிர்வாகக் குழுவைப் பரிந்துரைக்கும் ஏற்பாடு பல அமைப்புகளில் உண்டு. அங்கே தேர்தல் என்ற சொல்லுக்குப் பொருளே இல்லாமல் போகிறது.

பாய் ஸ்கவுட்ஸ் முறையில் ஒரு குழுவை நடத்தும் ஆதரவு நிறுவனத்தின், அதாவது அந்தத் தேவாலயத்தின் அல்லது சங்கத்தின், பிரதிநிதிக்கு உள்ளூர் கவுன்சிலில் வாக்குரிமை உண்டு. குழுவின் குரல் மேலே போவதற்கு அமைத்த படி அதுவே. அந்தப் பொறுப்பைப் பெயரளவில் ஒருவரிடம் கொடுத்துவிட்டு, வருடாவருடம் படிவத்தில் அவரது கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொள்ளும் குழுக்கள் ஏராளம். தேசிய நிர்வாகம் தங்களைக் கேட்பதில்லை என்று அவர்கள் வருந்துகிறார்கள். வருத்தம் நியாயமானதுதான், ஆனால் கையில் இருக்கும் வாக்கைப் பயன்படுத்தாதவரை அதைக் கேட்க யாருக்கும் அவசியம் ஏற்படுவதில்லை.

கருத்துக்கேட்பு பற்றியும் ஒரு வார்த்தை. 2013இல் பாய் ஸ்கவுட்ஸ் அமைப்பு, தன்பாலீர்ப்பு கொண்ட இளைஞர்களை உறுப்பினராகச் சேர்ப்பது பற்றி முடிவெடுக்கும் முன் உறுப்பினர்களிடையே ஒரு பெரிய ஆய்வு நடத்தியது. அந்த ஆய்வில் பெரியவர்களில் பெரும்பான்மையினர் அப்போதிருந்த தடையை ஆதரித்திருந்தார்கள். ஆனால் அவ்வாண்டு மே 23 அன்று டெக்சாஸில் கூடிய, ஏறத்தாழ 1,400 வாக்காளர்களைக் கொண்ட தேசியப் பேரவையில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் இளைஞர்கள் மீதான தடையை நீக்க வாக்களித்தார்கள். முடிவு சரி என்பதே என் கருத்து. அதைத் தனியே வைத்துவிட்டு நடைமுறையை மட்டும் பார்த்தால், ஆய்வு வேறு, வாக்கு வேறு என்பது தெளிவாகும். ஆய்வில் பதில் சொன்னவருக்கு யாரும் கணக்குக் காட்டத் தேவையில்லை. வாக்களித்த பிரதிநிதியையோ, ஏன் அப்படி வாக்களித்தாய் என்று ஊருக்குத் திரும்பியதும் கேட்கலாம். ஈராண்டு கழித்து, 2015 ஜூலையில், பெரியவர்கள் மீதான தடையை நீக்கியது பேரவை அல்ல; செயற்குழுவே அந்த முடிவை எடுத்தது. யார் முடிவெடுப்பது என்பதும் ஒரு முடிவுதான் என்பதை இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் உணரலாம்.

உங்கள் பிரதிநிதியிடம் இரண்டு கடமைகளைக் கேளுங்கள்: போவதற்கு முன் நிகழ்ச்சி நிரலை எல்லாக் குழுக்களுக்கும் அனுப்பிக் கருத்துக் கேட்பது, வந்த பிறகு ஒவ்வொரு தீர்மானத்திலும் தான் எப்படி வாக்களித்தார் என்று எழுதித் தருவது. எப்படி வாக்களிக்க வேண்டும் என்று அவரைக் கட்டிப்போட வேண்டாம். விவாதத்தைக் கேட்டு மனம் மாறும் உரிமை அவருக்கு வேண்டும். மாறியதற்குக் காரணம் சொல்லும் கடமை இருந்தால் போதும்.

பாதுகாப்புப் பயிற்றுநர் எழுதியது:

இதுவரை எழுதியவர்கள் உள்ளூர்க் குரலின் பக்கம் நின்று பேசியிருக்கிறார்கள். நானும் தன்னார்வலன்தான், ஆனால் பிள்ளைகளின் பாதுகாப்புப் பயிற்சி அளிப்பவன் என்ற முறையில், உள்ளூருக்கு விட்டுக்கொடுக்கவே கூடாத சில பொருள்கள் உண்டு என்பதை அழுத்தமாகச் சொல்லவேண்டியிருக்கிறது. ஒரு குழுவில் எல்லாரும் எல்லாரையும் அறிந்திருப்பதுதான் அதன் பலம். அதுவே அதன் ஆபத்தும் ஆகும். நீண்ட காலம் உழைத்த, ஊரே மதிக்கும் ஒருவர் மீது ஒரு பிள்ளை புகார் சொல்லும்போது, அவரை நன்கு அறிந்தவர்களே அதை விசாரிப்பது அந்தப் பிள்ளைக்கு நீதியாகாது. தனியறையில் ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு மட்டும் இருக்கக்கூடாது என்ற விதியையோ, பின்னணிச் சோதனையையோ, புகாரை உடனே காவல்துறைக்கு அறிவிப்பதையோ உள்ளூர் வாக்கெடுப்புக்கு விடக்கூடாது. தேசிய நிர்வாகம் அவற்றை ஒரே நாளில் அறிவித்து மறுநாளே நடைமுறைப்படுத்தினாலும் நான் ஆதரிப்பேன்.

ஆனால் நிர்வாகக் குழு இதையே காரணம் காட்டி எல்லா அதிகாரத்தையும் தன்னிடம் குவித்துக்கொள்வதை ஏற்க மாட்டேன். பிள்ளைகளைப் பாலியல் கொடுமைக்கு உள்ளாக்கியதாகச் சந்தேகிக்கப்பட்ட தன்னார்வலர் பற்றிய கோப்புகளைப் பாய் ஸ்கவுட்ஸ் தலைமையகம் பல பதிற்றாண்டுகளாக இரகசியமாக வைத்திருந்தது. ஓரிகன் மாநில நீதிமன்ற ஆணையின்படி 2012 அக்டோபரில் அவற்றில் 1,200க்கும் மேற்பட்டவை வெளியானபோதுதான், எவ்வளவு தகவல் மேலே தேங்கிக் கிடந்தது என்று பெற்றோர் அறிந்தார்கள். மூடி மறைத்தவர்கள் ஊர்களிலும் இருந்தார்கள், தலைமையிலும் இருந்தார்கள். அதிகாரம் மையத்தில் இருந்தது பிள்ளைகளைக் காப்பாற்றவில்லை. மையமும் ஊரும் ஒன்றையொன்று கேள்வி கேட்கும் ஏற்பாடு இல்லாமல் போனதே பெரும் தவறு.

அதற்கான விலையை யார் கொடுத்தார்கள் என்பதும் உங்கள் கேள்வியோடு நேரடியாகத் தொடர்புடையது. 2020 பிப்ரவரியில் அந்த அமைப்பு திவால் பாதுகாப்புக் கோரியது. 82,000க்கும் மேற்பட்ட பாதிக்கப்பட்டோரின் கோரிக்கைகள் வந்தன. 2023இல் நடைமுறைக்கு வந்த 246 கோடி டாலர் இழப்பீட்டுத் திட்டத்தில், சுமார் 250 உள்ளூர் கவுன்சில்கள் தம் பங்காக ஐம்பது கோடி டாலருக்கு மேல் ரொக்கமாகவும் சொத்தாகவும் தந்தன. அதற்காகச் சில இடங்களில், பல தலைமுறைத் தன்னார்வலர்கள் பாதை வெட்டி, கொட்டகை கட்டி வளர்த்த முகாம் நிலங்கள் விற்கப்பட்டன. பாதிக்கப்பட்டோருக்கு அந்தப் பணம் சேரவேண்டியதுதான். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. கவுன்சில்கள் தங்களுக்கென ஒரு குழு அமைத்துப் பேச்சுவார்த்தையில் உட்கார்ந்ததும் உண்மை. ஆனால் பல பதிற்றாண்டுகளுக்கு முன்பே அந்தக் கோப்புகளைப் பற்றிக் கேட்கும் உரிமை அவர்களுக்கு இருந்திருக்க வேண்டும். பொறுப்பில் பங்கு கேட்கும் அமைப்பு தகவலிலும் பங்கு தரவேண்டும்.

ஆகவே சந்தா, பயிற்சித் திட்டம், முகாம் நிலம், குழுக்களை இணைப்பது ஆகியவற்றில் முழுமையாகக் குரல் கேளுங்கள். பாதுகாப்பு விதியில் வாக்குக் கேட்காதீர்கள். அது பின்பற்றப்படுகிறதா என்ற ஆண்டறிக்கையைக் கேளுங்கள்.

கவுன்சில் பொருளாளர் எழுதியது:

குழுக்களை இணைப்பது பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு சிறு குறிப்பு. கேர்ள் ஸ்கவுட்ஸ் அமைப்பு 2000களின் பிற்பகுதியில் முந்நூறுக்கும் மேற்பட்ட கவுன்சில்களைச் சுமார் 110 ஆகக் குறைத்தபோது, விஸ்கான்சின் மாநிலத்தின் மேனிடூ கவுன்சில் இணைய மறுத்தது. விற்பனை முகவர்களைக் காப்பாற்றும் மாநிலச் சட்டம் ஒன்று தங்களுக்கும் பொருந்தும், உரிய காரணமின்றித் தங்கள் எல்லையைப் பறிக்க முடியாது என்று அது வாதாடியது. 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்றது. கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் ஒரு தன்னார்வ கவுன்சில் பல ஆண்டுகள் வழக்கு நடத்துவது என்றால் வழக்கறிஞர் கட்டணம், சோர்வு, பிளவு எல்லாம் சேர்ந்து வரும். நீதிமன்றத்தைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். அது இருக்கிறது என்று தெரிந்திருப்பதே பேச்சுவார்த்தையில் உதவும்.

இளையோர் பிரதிநிதி எழுதியது:

பெரியவர்கள் எல்லாரும் பேசிய பிறகு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். குழுவில் பிள்ளையாக வளர்ந்து இப்போது உதவிப் பொறுப்பாளராக இருக்கிறேன். தன்னார்வலரின் குரலும் இளையோரின் குரலும் ஒன்று என்று இந்த உரையாடலில் யாரும் சொல்லவில்லை; ஆனால் அப்படி எண்ணிக்கொள்வது எளிது. ஐயா, உங்கள் அமைப்பு நிறுத்தியது மூத்த பிள்ளைகள் நடத்திய திட்டம். அதைப் பற்றி அந்தப் பிள்ளைகளிடம் யாராவது கேட்டார்களா?

சாரணர் இயக்கத்தின் அடிப்படையே, சிறு அணியாகப் பிரிந்து, அணித்தலைவர்கள் கூடிப் பேசித் தங்கள் முகாமைத் தாங்களே முடிவு செய்வதுதான். கீழ்மட்டத்தில் பதினான்கு வயதுப் பிள்ளையை நம்பி இதை ஒப்படைக்கிறோம். மேலே போகப் போக அந்த நம்பிக்கை மறைந்துவிடுகிறது. கேர்ள் ஸ்கவுட்ஸ் தேசியப் பேரவையில் 14 வயது நிரம்பிய சிறுமியும் பிரதிநிதியாகலாம், வாக்கும் அவளுக்கு உண்டு. உலகச் சாரணர் குழுவிலோ பல ஆண்டுகளாக ஆறு இளையோர் ஆலோசகர்கள் அமர்ந்து வந்தார்கள். பேசலாம், வாக்களிக்க முடியாது. இரண்டு ஏற்பாட்டுக்கும் உள்ள வேறுபாடு, உங்களுக்கு வந்த படிவத்துக்கும் வாக்குச்சீட்டுக்கும் உள்ள அதே வேறுபாடு. நீங்கள் கொண்டுவரும் தீர்மானத்தில் எங்களுக்கும் ஓர் இடம் வையுங்கள்.

குழுப் பொறுப்பாளர் எழுதியது:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று இரவு துணைவிதிகளை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். சந்தாவை நிர்வாகக் குழு உயர்த்தலாம் என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது. எனவே அலாஸ்காவின் வழி எங்களுக்குத் திறக்காது. ஆனால் வேறொரு பிரிவு இருக்கிறது: குறிப்பிட்ட எண்ணிக்கையிலான உள்ளூர்க் குழுக்கள் எழுத்துமூலம் கேட்டால், துணைவிதித் திருத்தம் ஒன்றைத் தேசியப் பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்த்தே ஆகவேண்டும். எங்கள் பகுதியில் இதை யாரும் அறிந்திருக்கவில்லை. மூத்த பிள்ளைகளிடமும் கேட்டேன். அந்தத் திட்டம் ஏன் நிறுத்தப்பட்டது என்ற காரணத்தை அவர்களிடமும் யாரும் சொல்லவில்லை. என்ன கேட்டுத் தீர்மானம் எழுதுவது என்பதில் உதவ முடியுமா? தயங்கும் சக தன்னார்வலர்களிடம் என்ன சொல்வது?

விதிப்புத்தகம் எழுதியது:

நல்ல பிரிவைக் கண்டுபிடித்திருக்கிறீர்கள். சந்தா உயர்வை ரத்து செய்யக் கோரும் தீர்மானம் கொண்டுவராதீர்கள். அது தோற்கும், வென்றாலும் அடுத்த ஆண்டு இன்னொரு முடிவு அதே வழியில் வந்து நிற்கும். முடிவெடுக்கும் முறையை மாற்றக் கேளுங்கள். இதை வைத்துக்கொண்டு உங்கள் விதிகளின் நடைக்கு ஏற்பத் திருத்திக்கொள்ளுங்கள்:

"உறுப்பினர் சந்தாவை மாற்றுவது, தேசியப் பயிற்சித் திட்டம் ஒன்றை நிறுத்துவது, உள்ளூர்க் கிளைகளை இணைப்பது அல்லது கலைப்பது ஆகிய எந்த முன்மொழிவையும், அதற்கான காரணங்களோடும் நிதிக் கணக்கோடும், முடிவெடுப்பதற்குத் தொண்ணூறு நாட்களுக்கு முன்னதாக நிர்வாகக் குழு எல்லா உள்ளூர்க் கிளைகளுக்கும் எழுத்துமூலம் அனுப்ப வேண்டும். கிளைகளில் ஐந்தில் ஒரு பங்கு எழுத்துமூலம் ஆட்சேபித்தால், அம்முன்மொழிவு அடுத்த பொதுக்கூட்டத்தின் வாக்கெடுப்புக்கு விடப்படும். உறுப்பினர்களின் பாதுகாப்புக்கான விதிகளுக்கு இப்பிரிவு பொருந்தாது."

கடைசி வாக்கியத்தைப் பாதுகாப்புப் பயிற்றுநர் சொன்னதற்காகச் சேர்த்தேன். எதிர்ப்பவர்கள் முதலில் எடுக்கும் வாதத்துக்கும் அதிலேயே பதில் இருக்கிறது. தொண்ணூறு நாள் நீளம் என்று சொன்னால் அறுபதுக்கு இறங்குங்கள். ஐந்தில் ஒன்று என்பதை மூன்றில் ஒன்றாக்கக் கேட்டால் யோசியுங்கள். பாதியாக்கக் கேட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள், அத்தனை கிளைகளை யாராலும் திரட்ட முடியாது. இளையோர் இடத்தை இதிலேயே திணிக்காமல் தனித் தீர்மானமாக எழுதுங்கள். பிரதிநிதிக்கான வயது வரம்பை மாற்றுவதற்கு வேறு பிரிவைத் திருத்த வேண்டியிருக்கும். ஒன்று தோற்றால் மற்றதும் சேர்ந்து விழக்கூடாது.

சக தன்னார்வலர்களிடம் அரசியல் என்ற சொல்லைப் பற்றி வாதாட வேண்டாம். அந்தக் கருத்துக்கேட்புப் படிவத்தையும் இந்த வரைவையும் அருகருகே வைத்து, எதில் கையெழுத்திட விரும்புகிறீர்கள் என்று கேளுங்கள். ஒவ்வொரு குழுவும் தன் கூட்டத்தில் தீர்மானமாக நிறைவேற்றி, நடவடிக்கைக் குறிப்பின் நகலோடு அனுப்பட்டும். தனி ஆள் கையெழுத்துகளைக் குழுவின் கோரிக்கையாகக் கருத முடியாது என்று தலைமையகம் திருப்பி அனுப்ப இடம் வைக்காதீர்கள். அறிவிப்புக் காலம் எந்தத் தேதியில் முடிகிறது என்று பொதுச்செயலாளரிடம் எழுதிக் கேட்டு, அவருடைய பதிலைப் பத்திரப்படுத்துங்கள். அதற்கு இரண்டு வாரம் முன்னதாகவே பதிவுத் தபாலில் எல்லாவற்றையும் ஒரே கட்டாக அனுப்பிவிடுங்கள்.